ஐந்நூறு மீட்டர்: ஒரு தூரம் சுருங்கிய கதை

இன்றைய எபிசோடு ஒரு தூரத்தைப் பற்றியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டும் ஒருவருக்கும், சாலையோரம் நடந்து போற ஒரு குழந்தைக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கணும், அதை யார் முடிவு பண்றாங்க என்பதைப் பற்றியது.

இந்தக் கதையை விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் போனவங்க பட்டாசு ஆலைகளை வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீங்க. ஒரே பெரிய கட்டடமா இருக்காது. கரிசல் காட்டுக்கு நடுவுல சின்னச் சின்ன அறைகள், ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி நிற்கும். பார்க்கிறவங்களுக்கு இடத்தை வீணடிச்ச மாதிரி தோணும். ஆனா அந்த வெற்றிடம்தான் அங்க இருக்கிற முக்கியமான பாதுகாப்புக் கருவி. ஒரு அறையில எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருக்கணும் — எல்லாத்துக்கும் வெடிபொருள் சட்ட விதிகள்ல கணக்கு இருக்கு. ஒரு அறை வெடிச்சா அடுத்த அறையில இருக்கிறவங்க உயிரோட வெளிய வரணும், அவ்வளவுதான் நோக்கம்.

அதாவது, ஆபத்தை முழுசா ஒழிக்க முடியாத ஒரு தொழில்ல, ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவுல தூரம் வைக்கணும்னு இந்த ஊர் கத்துக்கிட்டது. சும்மா கத்துக்கல. 1991ல் மீனம்பட்டியில ஒரு ஆலை வெடிச்சப்போ 39 பேர் இறந்தாங்க. உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில இன்னொரு பெரிய வெடிப்பு. ஒவ்வொரு தடவையும் மக்கள் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "லைசென்ஸ்ல எத்தனை பேர்? உள்ள இருந்தது எத்தனை பேர்?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க. இதே கேள்வியைச் சாலைக்கு எடுத்துட்டுப் போகப் போறோம்.

ஒரே சொல், ரெண்டு சாவு

பட்டாசு ஆலையில நடக்கிறது "வெடி விபத்து". ரோட்டுல நடக்கிறது "சாலை விபத்து". தமிழ்ல ரெண்டுக்கும் விபத்துதான். ஆனா வெடி விபத்து நடந்தா உரிமையாளர் யார், உரிமம் கொடுத்தது யார், போர்மேன் யார்னு விசாரணை போகும். சாலை விபத்துல, அதுவும் ஓட்டினவர் குடிச்சிருந்தார்னா, விசாரணை அவரோட நின்னுடும். "குடிகாரன் மோதிட்டான், விதி முடிஞ்சுது."

ஒரு குழந்தையை இழந்த வீட்டுல இந்த "விதி" என்ற சொல் என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. காரணம் சொல்ல ஆள் இல்லாதப்போ, பெத்தவங்க காரணத்தைத் தங்களுக்குள்ளயே தேட ஆரம்பிப்பாங்க. அன்னைக்குக் கடைக்கு அனுப்பாம இருந்திருக்கலாம், அந்த பஸ்ஸுல ஏத்தாம இருந்திருக்கலாம், கையைப் பிடிச்சிருக்கலாம். வரலாறு இந்த இடத்துலதான் உதவும். அது துக்கத்தைக் குறைக்காது. ஆனா எந்த முடிவை யார், எப்போ எடுத்தாங்கன்னு காட்டும்.

மூணு முடிவுகளைப் பார்ப்போம். கடை எங்க இருக்கலாம்? குடிச்சு ஓட்டினா என்ன தண்டனை? ஒரு குழந்தை செத்தா என்ன கணக்கு?

கடை ரோட்டுக்கு வந்த வழி

1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரா இருந்த ராஜாஜி, அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டு வந்தார். கள், சாராயக் கடைகள்ல இருந்து வந்த வருமானம் போச்சு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்னைக்கு பில்லுல நாம பார்க்கிற வரியோட மூதாதை, ஒரு வகையில மதுவிலக்கோட பிள்ளை.

1948ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது. விருதுநகர்ல பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சரா இருந்த காலம் முழுக்க அது நடப்புல இருந்தது. பள்ளிகள்ல மதிய உணவு விரிஞ்சதும் அதே காலம்தான். அப்போ கள்ளச்சாராயமே கிடையாதுன்னு சொல்ல வரல, இருந்தது. ஆனா அரசாங்கம் தன் செலவுக்கு மதுவை நம்பி இருக்கல.

1971ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974ல் திரும்பக் கொண்டு வந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில மறுபடி தளர்ந்தது. 1983ல் மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டது. 2003 நவம்பர்ல ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தது. கடை எங்க வைக்கணும்னு அதுவரைக்கும் ஏலம் எடுத்த தனியார் பார்த்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அது அரசாங்கத்தோட வேலை ஆயிடுச்சு.

வியாபாரக் கணக்குல பார்த்தா நல்ல இடம் எது? ஆள் நடமாட்டம் இருக்கிற இடம். பஸ் நிக்கிற இடம், லாரி ஒதுங்குற இடம், ரெண்டு ரோடு சேர்ற இடம். விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுக்கிட்டுப் போற மதுரை – கன்னியாகுமரி சாலையை எடுத்துக்கோங்க. முன்னாடி என்எச் 7, இப்போ என்எச் 44. ராத்திரி பகலா லாரி ஓடுற ரோடு. தீபாவளிக்கு முன்னாடி மாசங்கள்ல பட்டாசு பெட்டிகள் வடக்க போறதும் இதே வழியிலதான். அப்படிப்பட்ட ஒரு ரோட்டுல வாடிக்கையாளர் யார்? பெரும்பாலும் வண்டியில வந்தவங்க. குடிச்சுட்டு எப்படிப் போவாங்க? அதே வண்டியிலதான்.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு தேதி இருக்கு. சில்லறை விற்பனை அரசு கைக்கு வந்தது 2003 நவம்பர். ரெண்டே மாசத்துல, 2004 ஜனவரி 15ஆம் தேதி, தேசிய சாலைப் பாதுகாப்பு கவுன்சில் கூடி ஒருமனதா ஒரு முடிவு எடுத்தது: தேசிய நெடுஞ்சாலைகள் ஓரத்துல மதுக்கடைகளுக்கு உரிமம் தரக்கூடாது. அதுக்கப்புறம் மத்திய அரசு மாநிலங்களுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியது. கடிதங்கள் வந்தன. கடைகளும் இருந்தன.

அதனால, 2004க்குப் பிறகு நெடுஞ்சாலை ஓரத்துல இருந்த எந்தக் கடையைப் பத்தியும் "ஆபத்து இருக்குன்னு யாருக்கும் தெரியாது"ன்னு சொல்ல முடியாது. தெரியும். எழுத்துல இருக்கு.

ஒரு வழக்கும் ஒரு எண்ணும்

பாமகவைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு நெடுஞ்சாலைக் கடைகளை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதே சமயம் சண்டிகர்ல ஹர்மன் சித்து என்பவர் பஞ்சாப், ஹரியானா சாலைகளுக்காக வழக்கு போட்டார். 1996ல் நடந்த ஒரு கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்தவர் அவர். மேல்முறையீட்டுல இந்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துல ஒண்ணு சேர்ந்தன. அந்தத் தீர்ப்போட பேரே "தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு". இந்தியா முழுக்க நெடுஞ்சாலை மதுக்கடைகளைப் பத்தின சட்டத்துக்கு நம்ம மாநிலத்தோட பேர்தான் தலைப்பு. ஆனா தடை கேட்ட பக்கத்துல இல்ல, தடையை எதிர்த்த பக்கத்துல.

2016 டிசம்பர் 15ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 2015ல மட்டும் நாட்டுல 5 லட்சத்துக்கு மேல சாலை விபத்துகள், 1 லட்சத்து 46 ஆயிரம் சாவுகள். அந்த வருஷம் விபத்துகளோட எண்ணிக்கையில தமிழ்நாடுதான் முதலிடம், 69,059.

தீர்ப்புல ஒரு கவனிப்பு இருக்கு. குடிச்சு ஓட்டியதால நடந்த விபத்துகளோட எண்ணிக்கை அரசுக் கணக்குல குறைவாத்தான் தெரியும்னு நீதிபதிகள் சொல்றாங்க. ஏன்? ஓட்டினவர் குடிச்சிருந்தார்னு எழுதினா பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கிடைக்கிறதுல சிக்கல் வரும்னு அதை எழுதாம விடுற வழக்கம் இருக்கு. அதாவது, குடும்பத்துக்கு ஒரு உதவின்னு நினைச்சு, அந்தக் குடும்பத்துக்கு நடந்ததோட காரணத்தையே ஆவணத்துல இருந்து எடுத்துடுறோம். அப்புறம் "குடியால நடக்கிற விபத்து ரொம்பக் கம்மி"ன்னு அதே ஆவணத்தைக் காட்டறோம்.

தீர்ப்பு சொன்னது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளோட ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாது. ரோட்டுல போறவங்க கண்ணுல கடை படக்கூடாது, விளம்பரப் பலகையும் கூடாது. இருக்கிற உரிமங்கள் அதிகபட்சம் 2017 ஏப்ரல் 1 வரைக்கும்தான்.

பட்டாசு ஊர்க்காரங்களுக்கு இது புதுசே இல்ல. நெருப்பையும் மருந்தையும் தள்ளி வை என்பதுதான். ஓட்டுநர் நல்லவரா கெட்டவரான்னு பார்க்காம, இடத்தை மாத்து என்பதுதான். சாலைச் சாவுக்கு அந்த மாதிரி ஒரு பதிலை இந்திய நீதிமன்றம் சொன்னது பெரிய திருப்பம்.

சுருங்கிய விதம்

அந்த 500 மீட்டர் எவ்வளவு நாள் முழுசா இருந்தது? 2017 மார்ச் 31ஆம் தேதி, கெடு முடியறதுக்கு முந்தின நாள், நீதிமன்றமே ஒரு திருத்தம் செய்தது. 20,000 பேரோ அதுக்குக் கம்மியாவோ மக்கள்தொகை இருக்கிற உள்ளாட்சிப் பகுதிகள்ல 220 மீட்டர் போதும். சின்ன ஊர்ல 500 மீட்டர்னா ஊரே முடிஞ்சிடுமே என்பதுதான் வாதம். நியாயமாவும் தோணும். ஆனா கிராமத்துல குழந்தைகள் நடமாடுற இடம் எது? நெடுஞ்சாலை ஓரம்தானே. பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் பல ஊர்கள்ல அங்கதான்.

ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டுல 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. உடனே அதுல பலதையும் ஊருக்குள்ள, குடியிருப்புகளுக்கு நடுவுல திறக்கப் பார்த்தாங்க. மாநிலம் முழுக்கப் பெண்கள் ரோட்டுக்கு வந்தாங்க. ஏப்ரல் 11ஆம் தேதி திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்துல அப்படிப் போராடின ஒரு பெண்ணை ஒரு காவல்துறை அதிகாரி கன்னத்துல அறைஞ்ச வீடியோ நாடு முழுக்கப் போனது, உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தப் பெண்கள் கேட்டதும் தூரம்தான். எங்க வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

இன்னொரு வழியும் இருந்தது. கடையை நகர்த்தறதுக்குப் பதிலா ரோட்டோட பேரை மாத்திடலாம். மாநில நெடுஞ்சாலையை "உள்ளூர்ச் சாலை"ன்னு அறிவிச்சா 500 மீட்டர் விதி பொருந்தாது. நாட்டுல பல அரசுகள் இந்த வழியில போனாங்க. தமிழ்நாட்டுல இந்த முயற்சி நடந்தப்போ, ஏப்ரல் கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப் பேர் மாத்தின சாலைகள்ல மூணு மாசத்துக்குக் கடை திறக்கத் தடை போட்டது. ஆனா ஜூலை 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சண்டிகர் வழக்குல ஒரு விளக்கம் கொடுத்தது: நகராட்சி எல்லைக்குள்ள இருக்கிற கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது.

டிசம்பர்ல 500 மீட்டர். மார்ச்ல சின்ன ஊர்களுக்கு 220. ஜூலையில நகரங்களுக்குப் பூஜ்யம். ஏழு மாசம். பட்டாசு ஆலையில ரெண்டு அறைகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை யாராவது இப்படிக் குறைச்சா, அதுக்கு என்ன பேர் வைப்போம்?

ஏன் குறைஞ்சதுன்னு புரிஞ்சுக்க ஒரு எண் போதும். 2023–24ல் டாஸ்மாக் வழியா அரசுக்கு வந்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். 1939ல் மதுவால போன வருமானத்துக்கு ஒரு புது வரியைக் கண்டுபிடிச்ச மாநிலம் இது. இன்னைக்கு இந்தத் தொகைக்கு மாற்று என்னன்னு எந்தக் கட்சியும் சுலபமா பதில் சொல்லிட முடியாது. அதையும் நாம நேர்மையா ஒத்துக்கணும்.

ஊதச் சொன்ன பிறகு

ரெண்டாவது முடிவு தண்டனை. 1989 ஜூலையில நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்துல 185ஆவது பிரிவு, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம்னு சொல்லுது. இது கறாரான எல்லைதான். 1967ல் பிரிட்டன் வச்ச எல்லை 80 மில்லிகிராம். எல்லை கறார், தண்டனை? முதல் தடவைக்கு ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா 2,000 ரூபாய் வரை அபராதம். இந்த 2,000 முப்பது வருஷம் மாறவே இல்ல. தங்கம் விலை ஏறுச்சு, பஸ் டிக்கெட் ஏறுச்சு, குவார்ட்டர் விலையும் ஏறுச்சு. 2019 திருத்தத்துலதான் 10,000 ஆச்சு. தமிழ்நாடு அதை 2022 அக்டோபர்லதான் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

அமெரிக்காவுல இதே மாதிரி ஒரு அலட்சியத்தை ஒரு அம்மா உடைச்சாங்க. 1980 மே மாசம் கலிபோர்னியாவுல கேண்டி லைட்னரோட 13 வயது மகள் காரி ரோட்டோரம் நடந்து போனப்போ, குடிச்சு ஓட்டின ஒருவர் மோதி இறந்தாள். அவர் இதுக்கு முன்னாடியும் குடிச்சு ஓட்டிப் பிடிபட்டவர். அந்த வருஷமே கேண்டி, குடித்து ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்களுக்குன்னு ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. நாலே வருஷத்துல, 1984ல், மது வாங்கும் வயதை 21 ஆக்க மாநிலங்களை நெருக்கும் சட்டத்துல அமெரிக்க அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டார். அவங்க செய்த முதல் காரியம் ஒரு சொல்லை மறுத்தது. இது விபத்து இல்ல, குற்றம்னு சொன்னாங்க.

குழந்தைக்கு என்ன கணக்கு?

மூணாவது முடிவு கஷ்டமானது. சாலையில ஒருவர் இறந்தா இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவரோட வருமானத்தை வச்சுக் கணக்கு போடும். குழந்தைக்கு வருமானம் ஏது?

சிவகாசிப் பகுதிக்கு இந்தக் கேள்வி வேற ஒரு ரூபத்துல முன்னாடியே வந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்குல 1990ல உச்ச நீதிமன்றம், இங்க தீப்பெட்டி ஆலைகள்ல பேக்கிங் மாதிரி வேலை செய்யற குழந்தைகளுக்குப் பெரியவங்களோட குறைந்தபட்சக் கூலியில 60 சதவீதமாவது கொடுக்கணும்னு சொன்னது. 1996 டிசம்பர் 10ஆம் தேதி அதே பேர்ல வந்த இன்னொரு தீர்ப்பு, ஆபத்தான தொழில்ல குழந்தையை வேலைக்கு வச்ச முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதியில கட்டணும்னு சொன்னது. ஆறு வருஷத்துல நீதிமன்றம் நகர்ந்த தூரத்தைப் பாருங்க: குழந்தையோட உழைப்புக்கு எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து, குழந்தையை அங்க நிறுத்தினவர் எவ்வளவு கட்டணும் என்ற கேள்விக்கு.

சாலைச் சட்டத்துலயோ, 1994ல் சேர்த்த ஒரு அட்டவணை, சம்பாதிக்காத ஒருவருக்கு வருஷ வருமானம் 15,000 ரூபாய்னு வச்சுக்கச் சொன்னது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அட்டவணை அப்படியே கிடந்தது. 2013ல் கிஷன் கோபால் வழக்குல உச்ச நீதிமன்றம் அதைத் தாண்டியது. 1992ல் இறந்த பத்து வயதுச் சிறுவனுக்கு வருஷ வருமானம் 30,000 என வச்சு, மொத்தம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் பெத்தவங்க அந்த எண்ணுக்காகக் காத்திருந்தது 21 வருஷம்.

பணம் வாங்கறதைப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு உண்டு: "புள்ளை செத்த காசு." பல பெத்தவங்க அந்தப் பேச்சுக்குப் பயந்தே வழக்குக்குப் போக மாட்டாங்க. ஆனா அது குழந்தையோட விலை இல்ல. நடந்தது தவறு, அதுக்குப் பொறுப்பு உண்டுன்னு எழுத்துல பதிவாகிறது. பதிவாகலைன்னா அடுத்த வருஷக் கணக்குல அந்தச் சாவு காரணமில்லாத சாவா இருக்கும்.

கடைசியா

இதெல்லாம் சொன்னதால ஓட்டினவரோட பொறுப்பு குறையாது. குடிச்சுட்டு சாவியை எடுத்த கை அவரோடது. ஆனா அந்தக் கைக்கு எட்டுற தூரத்துல கடையை வச்சது ஒரு முடிவு. முப்பது வருஷம் 2,000 ரூபாயிலேயே நின்னது ஒரு முடிவு. 15,000ஐ மாத்தாம விட்டது ஒரு முடிவு. 500ஐ 220 ஆக்கினதும் முடிவுதான். எல்லாத்துக்கும் தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு.

பட்டாசு ஆலை வெடிச்சா "லைசென்ஸ்ல என்ன இருந்தது"ன்னு கேட்க இந்த மாவட்டத்து மக்கள் கத்துக்கிட்டாங்க. அடுத்த தடவை உங்க ஊர்ல ஒரு சாலைச் சாவைப் பத்திக் கேள்விப்பட்டா, அதே மாதிரி மூணு கேள்வி கேளுங்க. ஓட்டினவரை ஊதச் சொன்னாங்களா? அது எஃப்.ஐ.ஆர்.ல இருக்கா? பக்கத்துக் கடை எவ்வளவு தூரத்துல இருக்கு? அந்தக் குடும்பத்தால அன்னைக்கு இதெல்லாம் கேட்க முடியாது. அவங்களுக்காக யாராவது கேட்கணும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.